சாத்தியாச்சு

முதல் கதவை அவள்தான் சாத்தினாள். இரும்புக் கொண்டியைத் தூக்கி வளையத்தில் போட்டு, அது விழுந்து உட்கார்ந்த சத்தத்தைக் கேட்டு, கையால் ஒருமுறை ஆட்டியும் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினாள். வழக்கப்படி "சாத்தியாச்சு!" என்று குரல் கொடுத்தாள். முன்னால் போய்க்கொண்டிருந்த கணவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். சரளைக் கற்கள் சக்கரத்தின் அடியில் நறநறவென்று அரைபட, பைன் மரங்களுக்கு நடுவே மேடேறிக்கொண்டிருந்தபோது, பின்னால் அந்தக் கொண்டி மறுபடி விழுந்தது.

அவள் ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியபடியே இருந்தது. அதற்கு இந்தப் பக்கமும் யாரும் இல்லை, அந்தப் பக்கமும் யாரும் இல்லை.

"என்ன நின்னுட்ட?" என்று மேலிருந்து கேட்டார் கணவர்.

"கதவ யாரோ மறுபடி சாத்தின சத்தம் கேட்டுதுங்க."

"ஆடு இடிச்சிருக்கும். வா."

சத்தம் கேட்டது என்று அவள் எதைச் சொன்னாலும் அந்த வீட்டில் ஒரு வருடமாக யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவள் மறுபடி மிதித்தாள். முன்னால் அவருடைய முதுகு போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது அவளுக்கு. வீட்டிலும் முதுகுதான், படுக்கையிலும் முதுகுதான்.

அவரை சைக்கிள் குழுவில் எல்லோரும் வழிக்காரர் என்றுதான் அழைப்பார்கள். வார நாட்களில் கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுகிற மனிதர். விடுமுறை வந்தால் காடும் மேடும் அலைந்து, தார் போடாத சரளைப் பாதைகளைத் தேடிப்பிடித்து, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, குழுவின் பாதை வரைபடத்தில் புதுப் புது வழிகளாக ஏற்றுவார். அவற்றில் அவருக்கே மிகவும் பிடித்தது இந்த வழி. அடிவாரக் காட்டில் தொடங்கி, மரமே இல்லாத மேட்டுவெளிமீது ஏறி, புல்லும் குத்துச்செடியும் சதுப்புமாகக் கிடக்கும் அந்த மொட்டை வெளியைக் கடந்து, மறுபக்கக் காட்டில் இறங்கும். நடுவில் நான்கு கதவுகள். மேய்கிற ஆடுகள் வேலி தாண்டாமல் இருக்கப் போட்டவை. ஒரு கதவு திறந்து கிடந்தாலும் மேய்ப்பவர்கள் பாதையையே அடைத்துவிடுவார்கள். அதனால் குழுவில் ஒரு கட்டுப்பாடு. முதலில் வருபவர் கதவைத் திறப்பார், கடைசியில் வருபவர் சாத்தி, கொண்டியைப் போட்டு, "சாத்தியாச்சு!" என்று கத்துவார். அந்தக் குரல் கேட்டால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். கேட்காமல் யாரும் மேற்கொண்டு போகக் கூடாது.

அவளுடைய தம்பிதான் எப்போதும் கடைசி. குழுவில் அவனுக்கு வால் என்று பெயர். பின்னால் வருவதற்கும் அது பொருந்தியது, அவன் வாய்த்துடுக்குக்கும் பொருந்தியது. "உங்க எல்லார் முதுகையும் நான்தான் காக்கறேன், எனக்குச் சம்பளம் குடுங்க மாமா," என்று வழிக்காரரைச் சீண்டிக்கொண்டே வருவான்.

போன வருடம் இதே வழியில் மூவரும் வந்தார்கள். நான்காவது கதவுக்குச் சற்று முன்னால் பனிமூட்டம் இறங்கியது. வழிக்காரர் வழக்கம்போல எங்கோ முன்னால் போய்விட்டார். அவள் கதவைக் கடந்து, தம்பிக்காகத் திறந்தபடியே விட்டுவிட்டு, அடுத்த வளைவு வரைக்கும் போயிருந்தாள். அப்போது பின்னால் கதவு கிறீச்சிட்டது. கொண்டி விழுந்தது. "சாத்தியாச்சூ!" என்று தம்பியின் குரல். கடைசி எழுத்தை அவன்தான் அப்படி இழுப்பான். அவள் நிம்மதியாக இறங்கிப் போனாள்.

கீழே வண்டி நிறுத்திய இடத்தில் காத்திருந்தார்கள். அவன் வரவேயில்லை. மறுநாள் காலையில்தான் கிடைத்தான். கதவுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், பாதையோர நீர்க்கால்வாயில் கால் மாட்டி எலும்பு முறிந்து, குளிரில் விறைத்துக் கிடந்தான். வாய் மட்டும் அகலத் திறந்திருந்தது. குளிரில் அப்படி ஆவதுண்டு என்றார் மருத்துவர். கதவு சாத்தி, கொண்டி போட்டிருந்தது.

அந்தப் பக்கம் கால் முறிந்து கிடந்தவன் இந்தப் பக்கம் வந்து எப்படிக் கதவைச் சாத்தினான்? போலீஸ் கேட்டது. குழு கேட்டது. கடைசியில் அம்மாவும் கேட்டாள்.

"என் புள்ள தொண்டை கிழியக் கத்தியிருப்பான். உனக்குக் கேக்கல. கேக்கலன்னாவது சொல்லித் தொலையேன்டி. கேட்டுச்சுன்னு எதுக்குக் கதை கட்டற?"

அதுதான் அம்மா அவளிடம் கடைசியாகப் பேசியது. கணவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பெரிய மனது பண்ணி மன்னிப்பவர் போலத் தணிந்த குரலில் சொன்னார். "கதவ நீதான் சாத்தியிருக்க. குளிரு, வீட்டுக்குப் போற அவசரம், எப்படியும் பின்னாடியே வந்துருவான்னு நினைச்சிருப்ப. நான் தப்புன்னு சொல்லலம்மா. ஒத்துக்கோன்னுதான் சொல்றேன்."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். ஆனால் வீட்டு வாய்க்கு ஒரு மூடி இருக்கும் என்று அவள் நம்பியிருந்தாள். இத்தனைக்கும் அவளுக்கு வேலையே காதுதான். மருத்துவமனையில், சத்தம் புகாத சின்ன அறையில் ஆட்களை உட்கார வைத்து, காதில் கருவி மாட்டி, மெல்லிய ஒலிகளை அனுப்பி, கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்லுவாள். அதையும் அவர் விட்டுவைக்கவில்லை. "நீயே சொல்லுவியே, சத்தமே அனுப்பாதப்பவும் சில பேரு பட்டன அழுத்துவாங்கன்னு." வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதை இத்தனை அமைதியாக இவரால்தான் செய்ய முடியும்.

ஒரு வருடம் மூடிக்கிடந்த வழியை மறுபடி திறக்கலாம் என்று குழு இப்போது முடிவு செய்தது. வழி சரியாக இருக்கிறதா என்று யாராவது இருவர் முதலில் போய்ப் பார்த்துவர வேண்டும். வழிக்காரருடன் வர யாரும் முன்வரவில்லை. நான் வருகிறேன் என்றாள் அவள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"நாலாவது கதவுக்கிட்ட, தம்பி கிடந்த இடத்துல நான் நிக்கறேன். நீங்க கதவத் தாண்டி, அன்னைக்கு நான் இருந்த வளைவுல போய் நில்லுங்க. நான் அங்கேர்ந்து சாத்தியாச்சுன்னு கத்தறேன். அது கதவுக்கிட்டயே கேக்கற மாதிரி உங்களுக்குக் கேட்டுச்சுன்னா, அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லணும். நான் பொய் சொல்லலன்னு."

"சரி," என்றார் அவர், குழந்தைக்கு மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொல்லும் தோரணையில்.

இரண்டாவது கதவு காட்டின் விளிம்பில் இருந்தது. அங்கேயே பைன் மரங்கள் முடிந்து, வானம் தலைக்குமேல் சட்டென்று அகன்றுவிடும். அவள் சாத்தினாள், ஆட்டிப் பார்த்தாள், குரல் கொடுத்தாள், கொஞ்ச தூரம் போனாள். காதைத் தீட்டிக்கொண்டுதான் போனாள். கிறீச் என்று கீல் நீளமாக முனகியது. பிறகு ஓர் இடைவெளி, ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கதவைக் கடக்கப் பிடிக்கும் அளவுக்கு. பிறகு மறுபடி கீல். கொண்டி.

அவள் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஆடு என்பார். ஆடு கதவைத் திறக்கலாம், திறந்ததைச் சாத்தி எந்த ஆடு கொண்டி போடும்?

மேட்டுவெளியில் பாதை ஒரே நேராக ஓடியது. இரண்டு பக்கமும் ஈர மண்ணின் வாடை, அழுகிய வேரின் வாடை, எங்கோ நனைந்த ஆட்டு ரோமத்தின் வாடை. மதியம் தாண்டியதும் மேற்கிலிருந்து பனிமூட்டம் தரையோடு தரையாக ஊர்ந்து வந்து, முதலில் குத்துச்செடிகளைத் தின்றது, பிறகு வேலிக் கம்பங்களை ஒவ்வொன்றாகத் தின்றது, பிறகு வானத்தையும் விழுங்கி, எல்லாவற்றையும் அழுக்குப் பஞ்சுபோல ஆக்கிவிட்டது. இருவரும் பின்விளக்கைப் போட்டுக்கொண்டார்கள். அவருடையது சிவப்பாக நின்று எரிவது. அவளுடையது இரண்டு முறை மினுங்கி, ஒருமுறை ஓய்வது; தம்பி பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது.

சின்ன இறக்கம் ஒன்று வந்தது. அவள் மிதிப்பதை நிறுத்திச் சக்கரத்தை ஓடவிட்டாள். சக்கரக் குடத்திலிருந்து டிக்டிக்டிக்கென்ற சத்தம் எழுந்தது. சைக்கிளை மிதிக்காமல் விட்டால் வருகிற சத்தம். அது பின்னாலிருந்தும் வந்தது. எதிரொலி என்று நினைத்து அவள் மிதித்தாள். அவள் சத்தம் நின்றது. பின்னால் நிற்கவில்லை. கொஞ்சம் தாமதமாக, யோசித்துப் பார்த்து நிறுத்தியதுபோல நின்றது.

அவள் திரும்பவில்லை. வாலு, நீயாடா, என்று வாய்க்குள் முனகினாள். தம்பியாக இருந்தால் இந்நேரம் அக்கா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருப்பான். வாய் சும்மா இருக்கிற பையனா அவன்?

மூன்றாவது கதவைச் சாத்தி, குரல் கொடுத்துவிட்டு அவள் வேகமாக மிதித்தபோது, முன்னால் சிவப்பு விளக்கு நின்றிருந்தது. வழிக்காரர் காத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து எந்த மேட்டிலும் அவர் அவளுக்காக நின்றதில்லை. அவர் முகத்தில் ஈரம் வழிந்தது.

"நமக்குப் பின்னாடி யாராவது வராங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அவள் பதில் சொல்வதற்குள் கதவு சொன்னது. பனிக்குள், பார்வைக்கு எட்டாத இடத்தில், கீல் நீளமாக முனகியது. அந்த இடைவெளி. மறுபடி கீல். கொண்டி.

இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். யாரும் வரவில்லை.

"யாருங்க அது?" என்று கத்தினார் அவர். பனி அதை வாங்கி வைத்துக்கொண்டது.

"இப்ப உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள் அவள். பயத்துக்கு நடுவிலும் அந்தக் கேள்வியில் ஒரு வருடத்துக் கசப்பு இனித்தது. "ஆடாங்க?"

அவர் மிதிகட்டையில் காலை வைத்தார். "போயிடலாம். அந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். சேர்ந்தே போயிடலாம்."

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சரி என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் வீட்டுக்குப் போனதும் விளக்கு வெளிச்சத்தில் இந்த மனிதர் மாறிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். காற்று என்பார், ஆடு என்பார், இரண்டு பேரும் களைத்திருந்தோம் என்பார். அம்மா கதவைத் திறக்கமாட்டாள். பொய்க்காரி என்ற பட்டத்தோடேயே அவள் கட்டையில் போக வேண்டும்.

"பேச்சு மாறாதீங்க," என்றாள். "ஒரே ஒரு தடவை. கத்திட்டு ஓடி வந்துடறேன்."

"சொன்னா கேளு."

"நான் சொன்னத நீங்க என்னைக்குக் கேட்டீங்க?"

நான்காவது கதவுவரை இருவரும் பக்கம்பக்கமாகப் போனார்கள். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

தம்பி கிடந்த இடத்தில் குழுவினர் நட்ட வெள்ளைக் கல் ஒன்று நின்றது. அதன் பக்கத்திலேயே நீர்க்கால்வாய், புல் மூடி, இருப்பதே தெரியாமல். அவள் அங்கே இறங்கி நின்றாள். அவர் மேலே போனார். கதவைத் திறந்து, அவள் வருவதற்காகத் திறந்தபடியே விட்டுவிட்டு, வளைவை நோக்கிப் போனார். சிவப்பு விளக்கு மங்கி, மங்கி, பனிக்குள் ஒரு பொட்டாகி நின்றது.

"நின்னுட்டேன்!" என்ற குரல் வந்தது. எவ்வளவு தெளிவாக வந்தது! பக்கத்தில் நின்று பேசுவதுபோல. இந்தப் பனியில் ஒரு சொல்லும் சிந்தாது. அவளுக்கு அழுகை முட்டியது. ஆமாம், கேட்கும். எல்லாம் கேட்கும். நான் பொய் சொல்லவில்லை.

மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

கதவு கிறீச்சிட்டது.

அவள் கத்தவில்லை. இன்னும் கத்தவில்லை. கதவு அவள் கண் முன்னால், பனிக்குள் கறுப்புக் கோடாக, மெல்ல நகர்ந்தது. அதன் அந்தப் பக்கத்தில் யாரோ நின்றிருந்தார்கள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. கொண்டி விழுந்தது. ஒரு கை அதை ஒருமுறை ஆட்டிப் பார்த்தது.

"சாத்தியாச்சு!"

அவளுடைய குரல். மூச்சிரைப்போடு, சொல்லின் நடுவில் லேசாக உடைகிற அவளுடைய குரல்.

இல்லை, என்று கத்தினாள். நான் இங்கே, என்று கத்தினாள். வாய் திறந்தது. நெஞ்சு விம்மியது. சத்தம் வரவில்லை. மூச்சுகூடச் சத்தமில்லாமல் போனது. சாவி கொடுத்த பொம்மைபோல வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினாள். முதல் அடி சரளையில். இரண்டாவது அடி புல்லில். புல்லுக்குக் கீழே எதுவும் இல்லை.

எலும்பு முறிந்த சத்தமும் வரவில்லை. வலி மட்டும் வந்தது.

சைக்கிள் அவள்மேல் சாய்ந்தது. அவள் நகத்தால் கல்லைப் பற்றினாள். கால் வரவில்லை. மேலே, கதவுக்கு அப்பால், ஒரு சிவப்பு விளக்கு வளைவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு முறை மினுங்கி, ஒருமுறை ஓய்ந்து.

அவளுடைய விளக்கு அவள் பக்கத்தில்தான் கிடந்தது. அதுவும் மினுங்கிக்கொண்டிருந்தது.

வளைவில் பேச்சு எழுந்தது. ஒரு சொல்லும் சிந்தாமல் அவளுக்குக் கேட்டது. பிறர் காதைச் சோதிக்கிறவளின் நல்ல காது.

"கேட்டுச்சும்மா," என்றார் அவர். அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது அவள் பார்த்ததேயில்லை. "கதவுக்கிட்டயே நின்னு கத்தின மாதிரி கேட்டுச்சு. நீ சொன்னது நெசம். நான்தான் பாவி. ஒரு வருஷமா உன்னைக் கொன்னுட்டேன். அத்தைகிட்ட நானே சொல்றேன், கால்ல விழுந்து சொல்றேன். என்னை மன்னிச்சிடும்மா."

இத்தனை நாள் இதற்காகத்தான். இந்தச் சொற்களுக்காகத்தான். அவள் கல்லைப் பற்றிக்கொண்டு வாயைத் திறந்தாள். அகலமாக. இன்னும் அகலமாக.

"பரவாயில்லைங்க. விடுங்க," என்றது அவள் குரல். "அம்மா காத்திட்டிருப்பாங்க. போலாம்."

"நீ முன்னாடி போ. இனிமே நான் பின்னாடி வரேன்." ஒரு சக்கரம் சரளையில் திரும்பி நின்றது. "ஆமா, கதவுக்கு அந்தப் பக்கம் என்னமோ மினுக்குதே?"

"ஆடுங்க," என்றது அது. "வாங்க."

இரண்டு சிவப்பு விளக்குகளும் ஒன்றையொன்று ஒட்டியபடி வளைவில் திரும்பி, காட்டுக்குள், வீட்டை நோக்கி இறங்கின.